கைம்முதல்

அம்மாவின் இடது மணிக்கட்டில் என் விரல் தடம் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது. முதலில் சிவப்பு, பிறகு கருநீலம், கடைசியில் மஞ்சள். அந்த நாட்களிலெல்லாம் நான் கல்லூரிக்குப் போனேன். முதுகலை இரண்டாமாண்டு மாணவிகளுக்குப் பக்தி இலக்கியம் நடத்தினேன். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். இரவு இரண்டரை மணி இருக்கும். அம்மா அன்று ஐந்தாவது தடவையாக எழுந்துபோய் வாசல் கதவின் தாழ்ப்பாளை ஆட்டிக்கொண்டிருந்தாள். “பிள்ளைக பள்ளிக்கூடம் விட்டு வந்துருக்கும்லா, கதவத் திற” என்றாள். அந்தப் பிள்ளைகள் அண்ணனும் நானும். அண்ணனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. எனக்கு நாற்பத்தாறு. படுக்கை நனைந்து, விரிப்பை மாற்றி, சேலையை மாற்றி, தரையைத் துடைத்துவிட்டு நான் படுத்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. காலை எட்டு மணிக்கு நாக் குழுவுக்கான கோப்புகளோடு துறையில் இருக்க வேண்டும். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து கட்டிலில் தள்ளினேன். திரும்ப எழுந்தாள். தோளில் ஓங்கி அடித்தேன்.

அம்மா அழவில்லை. கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து, கால்களை மடக்கி வைத்துக்கொண்டு, என்னை நிமிர்ந்து பார்த்து, “இனிமே செய்ய மாட்டேம்மா” என்றாள். என்னைத் தன் அம்மா என்று நினைத்துவிட்டாள்.

காலையில் மணிக்கட்டைத் தானே பார்த்துவிட்டு, “எங்கயோ இடிச்சிக்கிட்டேன் போல” என்றாள்.

இதை எழுத எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. பெண்களின் பராமரிப்பு உழைப்பு பற்றிக் கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்தவள் நான். சம்பளமில்லாத, கணக்கில் வராத, ‘அன்பு’ என்று பெயர் சூட்டி வாங்கப்படும் உழைப்பு அது என்று மேடையில் பேசியிருக்கிறேன். அந்த உழைப்பைச் செய்கிற பெண்ணின் கை ஒரு நாள் ஓங்கும் என்பது என் கட்டுரைகளில் இல்லை. அதிலெல்லாம் பெண் சோர்ந்துபோவாள், சுரண்டப்படுவாள். அடிக்க மாட்டாள்.

அன்றிரவு தூங்கவில்லை. ஒரு பட்டியல் மனத்தில் ஓடியது. அம்மா தன் மாமியாரைப் பதினோரு வருடம் பார்த்தாள். அந்த ஆச்சி படுக்கையாகக் கிடந்த கடைசி இரண்டு வருடமும் முதுகில் ஒரு புண் வரவிடவில்லை என்று தெருவே சொல்லும். பெரியம்மா மகள் வேலையை விட்டுவிட்டுத் தன் அப்பாவைப் பார்த்தாள். எதிர்வீட்டு அக்கா மாமனாரை வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸுக்கு ஆட்டோவில் கூட்டிப்போய்க் கூட்டிவருகிறாள், ஒரு நாள் முகம் சுளித்துப் பார்த்ததில்லை. அம்மாவைப் போல் பார்த்தேனா, அக்காவைப் போல் பொறுத்தேனா. இந்தப் பட்டியல் எல்லாப் பெண்களிடமும் இருக்கிறது. ஆண்களிடம் இருக்கிறதா என்று என் கணவரிடம் கேட்டிருக்கிறேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. (அவர் நல்லவர். மருந்து வாங்கி வருவார். கேட்டால் உதவுவார். கேட்டால்.)

‘போலே’ ‘போலே’ என்று அடுக்கிக்கொண்டு போகிறபோதுதான் அந்தப் பெண்ணின் நினைவு வந்தது. என் முனைவர் பட்ட ஆய்வில் ஓர் இயலையே அவளுக்கு ஒதுக்கியிருந்தேன்.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகிற வழியில் ஆழ்வார்திருநகரி. அதற்குப் பக்கத்தில் திருக்கோளூர். நவதிருப்பதிகளில் ஒன்று, மதுரகவியாழ்வார் பிறந்த ஊர். திருவாய்மொழியில் ஆறாம் பத்தின் ஏழாம் திருவாய்மொழி இந்த ஊரைப் பற்றியது. தாய் பேசுகிறாள். மகள் வீட்டைவிட்டுப் புறப்பட்டுவிட்டாள், திருக்கோளூருக்குத்தான் போயிருப்பாள் என்று புலம்புகிறாள். பின்னால் ஒரு நாள் இராமானுசர் இந்த ஊருக்கு வருகிறார். ஊருக்குள் நுழைகிறபோது ஒரு பெண் மூட்டையோடு வெளியே போகிறாள். எல்லோரும் வந்து சேர ஆசைப்படுகிற ஊரைவிட்டு நீ ஏன் போகிறாய் என்று கேட்கிறார். அதற்கு அவள் சொன்ன பதில்தான் ‘திருக்கோளூர்ப் பெண்பிள்ளை ரகசியம்’. அவளுக்குப் பெயர் கிடையாது. பெண்பிள்ளை, அவ்வளவுதான்.

பதில் எண்பத்தொரு வாசகம். ஒவ்வொன்றும் ஒரு கேள்வி. அக்ரூரர் செய்ததை நான் செய்தேனா, விதுரர் செய்ததைச் செய்தேனா என்று தொடங்கிப் போகிறது. இராமாயணம், பாரதம், பாகவதம், ஆழ்வார்கள் சரிதம், ஆசாரியர்கள் சரிதம் எல்லாம் அவள் நாக்கில் இருக்கிறது. அநசூயை, அகலிகை, தேவகி, யசோதை, திரிசடை, மண்டோதரி, சபரி, திரௌபதி, ஆண்டாள், சந்தனம் கொடுத்த கூனி என்று பெண்களும் வருகிறார்கள். சேது கட்டிய அணில்கள்கூட வருகின்றன. அவர்கள் எல்லோரும் ஏதோ ஒன்று செய்தார்கள், நான் ஒன்றும் செய்யவில்லை, முயல் புழுக்கை வயலில் கிடந்தால் என்ன வரப்பில் கிடந்தால் என்ன, நான் போகிறேன் என்கிறாள். இராமானுசர் வியந்துபோய் அவளோடு ஊருக்குள் திரும்பி, அவள் வீட்டில் அவள் சமைத்ததைச் சாப்பிட்டார் என்று முடியும்.

ஆய்வேட்டில் நான் எழுதியது இது: ஒன்றும் தெரியாதவள் என்று சொல்லிக்கொண்டே எல்லாம் தெரியும் என்று காட்டுகிற உத்தி. கற்ற பெண் பொதுவெளியில் வாய் திறக்க வேண்டுமானால் தாழ்மை என்ற முக்காட்டைப் போட்டுக்கொண்டால்தான் முடியும். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அந்த இயலைத் தனியாகக் குறிப்பிட்டுப் பாராட்டினார். இப்போதும் அது தவறென்று சொல்லமாட்டேன். மாணவிகளுக்கு அதைத்தான் நடத்துகிறேன், அவர்களுக்குப் பிடிக்கவும் செய்கிறது.

ஆனால் அன்று அதிகாலையில் அவள் வேறு மாதிரி தெரிந்தாள். அவள் உண்மையையே சொல்லியிருக்கலாம் அல்லவா? உத்தி ஒன்றும் இல்லாமல், எண்பத்தொரு தடவையும் தன்னிடம் எதுவும் இல்லை என்பதை ஒருத்தி எண்ணிப் பார்த்துவிட்டு, மூட்டையைக் கட்டியிருக்கலாம் அல்லவா? நாங்கள், படித்த பெண்கள், எந்தப் பெண்ணின் தாழ்மையைப் பார்த்தாலும் அதற்குள் ஓர் எதிர்ப்பு ஒளிந்திருக்கிறது என்று தேடுகிறோம். ‘என்னால் முடியவில்லை’ என்று அவள் சொன்னால் அதை அப்படியே கேட்க எங்களுக்குப் பயமாக இருக்கிறது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. எண்பத்தொன்றில் ஒன்றைக்கூட இராமானுசர் மறுக்கவில்லை. ‘இல்லையம்மா, நீயும் ஒரு சபரிதான்’ என்று அவர் சமாதானம் சொல்லவில்லை. கணக்கைக் கணக்காகவே விட்டுவிட்டார். சாப்பிட வீட்டுக்கு வந்தார்.

வைணவ உரைகாரர்கள் இந்த நிலைக்கு ‘ஆகிஞ்சன்யம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கைம்முதல் இல்லாமை. வியாபாரத்துக்குப் போடுகிற முதல்தான் கைம்முதல். கர்மம், ஞானம், பக்தி என்று எந்த முதலும் கையில் இல்லாதவருக்குத்தான் சரணாகதி. முதல் இருக்கிறவருக்கு அது எதற்கு? பிள்ளை உலகாசிரியர் ஸ்ரீவசனபூஷணத்தில் இதற்கு இடம், காலம், முறை, யார் செய்யலாம் என்ற எந்தக் கட்டுப்பாடும் கிடையாது என்கிறார். சான்றாகத் திரௌபதியைக் காட்டுகிறார். சபைக்கு இழுத்து வரப்பட்டபோது அவள் மாதவிலக்கில் இருந்தாள். குளித்துவிட்டு வந்து அவள் கண்ணனைக் கூப்பிடவில்லை. அந்த நிலையில் கூப்பிட்டதுதான் கேட்டது. ஒரு கையால் சேலையைப் பிடித்துக்கொண்டு மறு கையைத் தூக்கிக்கொண்டிருந்தவரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை, இரண்டு கையையும் விட்ட பிறகுதான் சேலை வளர்ந்தது என்று உபந்நியாசங்களில் சொல்வார்கள்.

ஆய்வு செய்துகொண்டிருந்த காலத்தில் இதைப் படித்துவிட்டு விடுமுறைக்கு வந்து அம்மாவிடம் குதூகலமாகச் சொன்னேன். அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவள். அந்த மூன்று நாட்களில் கோயில் இருக்கும் தெருவில்கூட நடக்கமாட்டாள். ‘பாரும்மா, அந்தக் காலத்திலேயே ஆசாரியரே எழுதியிருக்காரு’ என்றேன். உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. “அவளுக்கு அண்ணன் இருந்தான், வந்தான். நமக்கு யாரு வருவா?” என்றாள்.

இருபது வருடம் கழித்துத்தான் அந்தக் கேள்வி என்னிடம் வந்து சேர்ந்தது.

சரணாகதி என்ற சொல்லை ஒரு பெண்ணியக் கட்டுரையில் எழுதுகிறபோது விரல் கூசுகிறது. எங்களுக்கு அந்தச் சொல் எப்படி வந்தது என்று தெரியும். ஆன்மா இறைவனுக்கு எப்படிப் பரதந்திரம் என்பதை விளக்க உரைகாரர்கள் எடுத்துக்கொள்கிற உவமை பெரும்பாலும் மனைவிதான். ஆழ்வார் பராங்குச நாயகி ஆனார், பரகால நாயகி ஆனார். பாட்டு முடிந்ததும் ஆணாகிவிட்டார். வீட்டில் இருந்த மனைவிக்கு அந்த வசதி இல்லை. அவளுக்கு உவமை எதுவும் தேவைப்படவில்லை, அவள் வாழ்க்கையே உவமானமாக இருந்தது. ‘அடங்கிப் போ’, ‘விட்டுக் கொடு’, ‘கடவுள் பார்த்துக்கொள்வார்’ என்ற மூன்று வாக்கியங்களால் எத்தனை பெண்களை மீண்டும் அதே வீட்டுக்குள் அனுப்பிவைத்திருக்கிறார்கள் என்று நினைத்தால், இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றே தோன்றுகிறது. குடிக்கிற கணவனோடு திரும்பிப் போகச் சொல்வதற்குக் கடவுளின் கருணையைச் சாட்சிக்கு அழைக்கிறவர்களோடு எனக்கு ஒரு ஒட்டுறவும் இல்லை.

ஆனால் அவர்கள் பெண்ணிடம் கேட்கிற தாழ்மை எது? எல்லாவற்றையும் நீயே செய், செய்ததாகச் சொல்லிக்கொள்ளாதே என்பது. திருக்கோளூர்ப் பெண் சொன்னது அதற்கு நேர் எதிர். ‘நான் எதையும் செய்யவில்லை’ என்று நடுத்தெருவில், ஊருக்கே பெரியவரான ஆண் ஒருவரிடம், மூட்டையை இறக்கி வைக்காமல் சொல்கிறாள். இந்தத் தாழ்மையை எந்த மாமியாரும் மருமகளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. ‘முடியவில்லை’ என்று சொல்கிற பெண்ணால் யாருக்கும் உபயோகம் இல்லை.

என்னால் முடியும் என்பதுதான் என் அகங்காரமாக இருந்தது. வகுப்பு, ஆய்வு மாணவிகள், கவிதை, சமையல், அம்மா. ‘எப்படி மேடம் எல்லாத்தையும் சமாளிக்கிறீங்க’ என்று இளைய ஆசிரியைகள் கேட்கிறபோது சிரித்துக்கொண்டே ஒன்றும் சொல்லாமல் போவேன். அந்தச் சிரிப்பில் அடக்கம் ஒன்றும் இல்லை.

அன்று அம்மா தூங்கிய பிறகு அடுப்படியில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். “என்னால முடியல” என்று வாய்விட்டுச் சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று மாணவிகள் கேட்டால் சொல்லத் தெரியாது. நான் கோயிலுக்குப் போகிறவள் இல்லை. திருவாய்மொழியை இருபது வருடமாகப் பனுவலாகவே வாசித்திருக்கிறேன். ஆனால் அந்த மூன்று மணிக்கு நான் சொன்னதை யாரோ கேட்டதுபோல் இருந்தது. அதற்கு மேல் எனக்கு அனுபவம் ஒன்றும் வாய்க்கவில்லை. ஒளி தெரியவில்லை, அழுகைகூட வரவில்லை. அடித்தது இல்லாமல் ஆகவில்லை. நான் நல்ல மகள் என்ற எண்ணம் மட்டும் போய்விட்டிருந்தது, அது போனதில் மூச்சு விட முடிந்தது.

பூனைக்குட்டி நியாயம், குரங்குக்குட்டி நியாயம் என்று தென்கலை, வடகலை வேறுபாட்டை எளிமையாகச் சொல்வார்கள். குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம், தாய் கவ்விக்கொண்டு போகும். வகுப்பில் இதை நடத்துகிறபோது ஒரு மாணவி எழுந்து, “குட்டிக்குச் சரி மேடம், அந்தத் தாய்ப்பூனையை யாரு கவ்வுவா?” என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவளுக்கு வீட்டில் இரண்டு தம்பிகள், நோயாளி அம்மா. அரியர் வைத்திருந்தாள். அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

விடிந்ததும் அண்ணனுக்குப் போன் செய்தேன். சென்னையில் இருக்கிறான். மாதாமாதம் பணம் அனுப்பத் தவறியதில்லை. பெற்றோர் பராமரிப்புக்கு 2007இல் வந்த சட்டம் மகன், மகள் என்று பிரிக்காமல் பிள்ளைகள் எல்லோருக்கும் பொறுப்பு என்கிறது. பணம் அனுப்பினால் அண்ணனின் பொறுப்பு முடிந்துவிடும். இரவு இரண்டரை மணி விரிப்பு எந்தச் சட்டத்திலும் இல்லை. அவனிடம் அடித்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. பிறகு, “நீ எவ்வளவு நல்லாப் பாக்க, உன்ன மாதிரி யாராலயும் முடியாது. ஒரு நாள் கோவத்துல நடந்தத நினைச்சிக்கிட்டிருக்காத” என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். ஆனால் பாராட்டு ஒரு பூட்டு என்பது அப்போது தெரிந்தது. “அண்ணே, நான் நல்லாப் பாக்கல. என்னால முடியல. இதத்தான் சொல்லுதேன்” என்றேன். மூன்றாவது தடவை சொன்ன பிறகுதான் அவனுக்குக் கேட்டது. வெள்ளிக்கிழமை ரயிலேறி வந்து பத்து நாள் இருந்தான். முதல் மூன்று இரவிலேயே அவன் கண் உள்ளே போய்விட்டது. எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம் இருந்ததை ஒப்புக்கொள்கிறேன்.

அவன் இருக்கும்போதே இரவுக்கு ஓர் ஆள் கிடைத்தார். நாற்பது வயதிருக்கும். கணவர் வாழைத்தோட்டத்தில் வேலை. ஞாயிறு காலை ஆராதனைக்குப் போக வேண்டும், அதனால் சனிக்கிழமை இரவு மட்டும் வரமுடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மாதம் 15,000. முதல் இரவு அம்மா எழுந்து தாழ்ப்பாளை ஆட்டினாள். மாலைக்கு மேல் குழப்பம் கூடும், எதிர்த்துப் பேசாதீர்கள் என்று மருத்துவர் எனக்கும் சொல்லியிருந்தார். நான் எதிர்த்துப் பேசவில்லை, கையைத்தான் பிடித்து இழுத்தேன். அந்தம்மா வந்து கதவைத் திறந்துவிட்டார். அம்மாவைக் கூட்டிக்கொண்டு தெரு கேட் வரைக்கும் போனார். இரண்டு பக்கமும் பார்த்தார். “பிள்ளைகள இன்னும் காணுமே ஆச்சி. டியூசன் இருக்கும். விடிஞ்சதும் வரும்” என்றார். அம்மா சரி என்று திரும்பி வந்து படுத்துவிட்டாள்.

கதவைத் திறந்துவிடலாம் என்பது ஏழு மாதமாக எனக்குத் தோன்றவே இல்லை.

“உங்களுக்கு எப்படிப் பொறுமை வருது?” என்று கேட்டேன். “பொறுமை எங்க டீச்சர் வருது? எங்க மாமியாகிட்ட நான் போடாத சண்டையா” என்றார். “நாம செய்யதச் செய்வோம். மிச்சத்தக் கர்த்தர் பாத்துக்கிடுவாரு.” இதைச் சொன்னவருடைய பதினான்கு வயது மகள் அந்த இரவுகளில் அவர் வீட்டில் பாட்டிக்குத் துணையாகப் படுத்திருக்கிறாள். அந்த ‘மிச்சம்’ யார் தலையில் போய் விழுகிறது என்ற கேள்வியை என்னால் ஒதுக்க முடியவில்லை. என் இரவுத் தூக்கத்தை இன்னொரு பெண்ணின் இரவிலிருந்துதான் வாங்கியிருக்கிறேன். சம்பளத்தை உயர்த்தினேன், அந்தப் பிள்ளையின் பள்ளிச் செலவைப் பார்த்துக்கொள்கிறேன். அதனால் கணக்குச் சரியாகிவிடாது. இந்தக் கருணைக்கும் விலை இருக்கிறது, அதைக் கொடுப்பது அநேகமாக ஒரு பெண்தான்.

போன புரட்டாசியில் அம்மாவைத் திருக்கோளூருக்குக் கூட்டிப்போனோம். அந்தம்மாவும் வந்தார், ‘நான் வெளிய இருக்கேன் டீச்சர்’ என்று திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். அங்கே பெருமாள் வைத்தமாநிதி. குபேரன் இழந்த செல்வத்தை வைத்துக் காத்து, அவனுக்குத் திரும்ப அளந்து கொடுத்தவர் என்பது தலபுராணம். அளந்த மரக்காலையே தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறார். அர்ச்சகர் தீபத்தைத் தூக்கித் தலைமாட்டைக் காட்டினார். ஆய்வுக்காக நான் இரண்டு தடவை வந்து குறிப்பெடுத்துப் போன கோயில். மரக்காலை அன்றுதான் சரியாகப் பார்த்தேன். அளக்கிறதை நிறுத்திவிட்டுப் படுத்திருக்கிறார்.

அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். “ஒறங்குதாரு. சத்தம் போடாத” என்றாள்.

சனிக்கிழமை இரவுகள் என்னுடையவை. நேற்றும் ஒன்றரை மணிக்கு எழுந்தாள். விரிப்பை மாற்றினேன். மறுபடி எழுந்தாள். எனக்கு எரிச்சல் வந்தது, வராமல் இல்லை. கதவைத் திறந்தேன். இருவரும் கேட் வரைக்கும் போய் நின்றோம். தெருவிளக்கின் கீழே நாய் ஒன்று படுத்திருந்தது. அம்மா வெகுநேரம் தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பிள்ளைக சாப்பிட்டிருக்குமா?” என்றாள்.

“சாப்பிட்டிருக்கும்மா.”

“நீ சாப்டியாட்டி?”

சாப்பிட்டேன் என்றேன். என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள்.